சாவி உள்ளே, நீங்கள் வெளியே: பூட்டிக்கொண்ட வீட்டுக் கதவைத் திறக்க முழுமையான வழிகாட்டி

காற்றடித்துக் கதவு சாத்திக்கொண்டது, சாவி உள்ளே மேசைமேல் கிடக்கிறது. குழந்தை பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டது, திறக்கத் தெரியவில்லை. படுக்கையறைக் கைப்பிடி சுற்றுகிறது, கதவு அசையவில்லை. கதவும் பூட்டும் மாட்டுகிற எங்களுக்கு வரும் அவசர அழைப்புகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

போய்ப் பார்த்தால் பூட்டு நன்றாகவே இருக்கும். கதவு உட்காரும் சட்டமான நிலைதான் ஸ்குரூடிரைவர் விட்டு நெம்பியதில் பிளந்திருக்கும். பதற்றத்தில் எல்லாரும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். ஒவ்வொரு படியையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.

இது நீங்கள் குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும். வாடகை வீடு என்றால் எதையாவது கழற்றுவதற்கு முன் வீட்டுக்காரருக்கு ஒரு போன் செய்யுங்கள். பக்கத்து வீட்டாரிடமும் வாட்ச்மேனிடமும் சொல்லிவிடுங்கள். இரவில் கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் அவர்கள் வேறு விதமாகத்தான் நினைப்பார்கள்.

1. முதலில் உள்ளே யார், என்ன என்று பாருங்கள்

உங்களுக்கு எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை இந்தக் கேள்விதான் முடிவுசெய்கிறது. உள்ளே ஆளும் இல்லை, அடுப்பும் எரியவில்லை என்றால் அவசரமே இல்லை. இரண்டு மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாலும் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுப்பில் பாலோ குக்கரோ இருந்தால் கதை வேறு. சிலிண்டர் பால்கனியிலோ வெளிப்பெட்டியிலோ இருந்தால் முதலில் ரெகுலேட்டரை மூடுங்கள். எரிவாயு நின்றுவிட்டால் நிதானமாக யோசிக்கலாம். அது முடியாது, புகை வர ஆரம்பித்துவிட்டது என்றால் மற்ற படிகளைத் தாண்டி நேரே 11-க்குப் போய்விடுங்கள். அப்போது கதவின் விலையைக் கணக்குப் பார்க்கக் கூடாது.

கேஸ் வாசனை வந்தால் காலிங் பெல்லை அழுத்தாதீர்கள். சுவிட்ச் வெளியே இருந்தாலும் பெல் உள்ளேதான் இருக்கிறது, பொறி அங்கேதான் பறக்கும். கதவருகே நின்று போன் பேசுவதும் வேண்டாம். அக்கம்பக்கத்தாரையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய், சமையல் எரிவாயு கசிவுக்கான அவசர எண் 1906-க்கும் தீயணைப்புக்கு 101-க்கும் அடியுங்கள். அந்தக் கதவை நீங்களாகத் திறக்க முயலாதீர்கள்.

உள்ளே பெரியவர் விழுந்து கிடக்கிறார், கூப்பிட்டால் பதில் இல்லை என்றால் முதலில் 108, உடனே 101 அல்லது 112. வண்டி வந்து சேரும்வரை நீங்கள் முயன்றுகொண்டிருக்கலாம். முயன்று பார்த்துவிட்டுக் கூப்பிடலாம் என்றால் அந்த நேரம் வீண். தீயணைப்பு மீட்புப் பணிகள் துறை நெருப்புக்கு மட்டும்தான் என்று நினைத்துப் பலர் தயங்குகிறார்கள். பூட்டிய அறைக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் மீட்பதும் அவர்கள் வேலைதான்.

2. கையில் என்ன வேண்டும்

உங்கள் டூல்ஸ் எல்லாம் வீட்டுக்குள் இருக்கும். அதனால் கீழே நிற்கும் டூவீலரை மறக்காதீர்கள். சீட்டுக்கு அடியில் வண்டியோடு கொடுத்த டூல் கிட்டில் ஒரு ஸ்குரூடிரைவராவது இருக்கும். மற்றவற்றைப் பக்கத்து வீட்டிலோ வாட்ச்மேனிடமோ கேட்டு வாங்குங்கள்.

தட்டை ஸ்குரூடிரைவர், ஸ்டார் ஸ்குரூடிரைவர், சுத்தியல், மூன்று அங்குல ஆணி, நோஸ் பிளையர், ஹாக்ஸா பிளேடு, டார்ச், ஒரு செய்தித்தாள், ஒரு ரூபாய் நாணயம், நேராக்கிய மெல்லிய கம்பி, பழைய எக்ஸ்ரே ஃபிலிம் அல்லது பெரிய கூல்டிரிங்ஸ் பாட்டிலிலிருந்து வெட்டிய பிளாஸ்டிக் துண்டு. இவ்வளவு போதும். ஏடிஎம் கார்டை எடுக்காதீர்கள். அது விறைப்பானது, வளைவில் உடைந்துவிடும். பிறகு கதவும் திறக்காது, கார்டும் இருக்காது.

3. கதவு உண்மையிலேயே பூட்டியிருக்கிறதா?

கையில் சாவி இருந்தும் திறக்காத கதவுகளுக்கு இந்தப் படி. ஐப்பசி, கார்த்திகை மழையில் மரக்கதவு ஈரம் குடித்து உப்பும். கீல் தளர்ந்த கதவு பூட்டுப் பக்கமாகக் கீழே இறங்கும். இரண்டிலும் பூட்டின் நாக்கு, அதாவது பூட்டிலிருந்து நீளும் உலோகத் துண்டு, நிலையில் உள்ள தகட்டின் ஓட்டையில் இறுகிக்கொள்ளும். சாவி பாதி சுற்றி நின்றுவிடும்.

புதியவர்கள் இங்கே சாவியைப் பலமாக முறுக்குவார்கள். சாவி உடைந்து பாதி உள்ளே தங்கிவிடும், சின்ன வேலை பெரிய வேலையாகிவிடும். அசைய வேண்டியது கதவு. ஒரு கையால் சாவியை மெதுவாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டே, மறு கையால் கதவை உங்கள் பக்கம் இழுத்துப் பாருங்கள். பிறகு முழங்காலால் பூட்டுக்குக் கீழே அழுத்துங்கள். பிறகு கைப்பிடியைப் பிடித்துக் கதவை மேல்நோக்கித் தூக்குங்கள். இறுக்கம் விட்டதும் சாவி தானாகச் சுற்றும். கீல் தளர்ந்த கதவுக்குத் தூக்குவதுதான் பலன் தரும்.

டூப்ளிகேட் சாவி சில சமயம் முழுக்க உள்ளே போய்விட்டால் சுற்றாது. நூலளவு வெளியே இழுத்துத் திருப்பிப் பாருங்கள். சாவி உடைந்து நுனி வெளியே தெரிந்தால் நோஸ் பிளையரால் நேராக இழுங்கள். பசை தடவிய குச்சியை விட்டு எடுப்பதாகச் சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள், பசை பூட்டின் வயிற்றுக்குள் போனால் பூட்டையே மாற்ற வேண்டிவரும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், தூசியைச் சேர்த்துப் பிசினாக்கிவிடும். பென்சில் கரியைத் தூளாக்கிச் சாவியில் தடவி விடுங்கள்.

4. வேறு சாவி, வேறு வாசல்

கேட்டால் எளிதாகத் தோன்றும், ஆனால் அதிகம் பேர் தாண்டிப் போகும் படி இதுதான். பின்கதவு, மொட்டை மாடிக் கதவு, சமையலறையிலிருந்து வாஷிங் ஏரியாவுக்குப் போகும் கதவு என்று எல்லாவற்றையும் கையால் தள்ளிப் பாருங்கள். கண்ணால் பார்த்து “பூட்டியிருக்கும்” என்று முடிவுகட்டாதீர்கள். வேலைக்கு வரும் அக்காவிடமோ, வீட்டுக்காரரிடமோ, ஊரில் இருக்கும் தம்பியிடமோ ஒரு சாவி இருக்கிறதா என்று கேளுங்கள்.

பக்கத்து பால்கனியிலிருந்து தாவுவதும், சன்ஷேடில் நடந்து ஜன்னலை எட்டுவதும் கூடவே கூடாது. வெயிலையும் சாரலையும் தடுக்கப் போட்ட பலகை அது. பழைய கட்டடத்தில் உள்ளே கம்பி துருப்பிடித்திருப்பது மேலே பூசிய பெயின்டில் தெரியாது. முதல் மாடியாக இருந்தாலும் ஏறாதீர்கள். பூட்டைப் பத்து முறை மாற்றலாம்.

சாவி ஜன்னல் வழியாகக் கண்ணுக்குத் தெரிகிறதா? ஒட்டடைக் கம்பு நுனியில் கொக்கி போல வளைத்த கம்பியைக் கட்டி இழுக்கலாம். காந்தம் கட்டிப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள்: பித்தளைச் சாவியைக் காந்தம் இழுக்காது. வளையம் இரும்பாக இருந்தால் வளையத்தைக் குறிவையுங்கள்.

5. கதவைப் படியுங்கள்

இனிமேல்தான் பூட்டு. ஆனால் முதலில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரிய வேண்டும். கீல் உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் அது உங்கள் பக்கம் திறக்கும் கதவு. தெரியவில்லை என்றால் உள்பக்கம் திறக்கும்.

பிறகு நாக்கு. இரண்டு வகை உண்டு. ஒன்று, ஸ்பிரிங் நாக்கு. ஒரு பக்கம் சரிவாக இருக்கும். கதவு சாத்தும்போது அந்தச் சரிவு நிலையில் பட்டு நாக்கு தானாக உள்ளே போய் வெளியே வரும். காற்றில் அறைந்து பூட்டிக்கொள்வது இதுதான். இன்னொன்று சதுர நாக்கு. சாவியோ உள்திருகோ போட்டுத் திருப்பினால்தான் அசையும். பிளாஸ்டிக் துண்டு விட்டுத் தள்ளுவதெல்லாம் ஸ்பிரிங் நாக்குக்கு மட்டும். சதுர நாக்கில் மணிக்கணக்காகப் போராடினாலும் ஒன்றும் நடக்காது.

அடுத்தது நிலை. வெளிநாட்டு வீடியோக்களில் கார்டை இப்படி விட்டு அப்படித் திறப்பார்கள். அங்கே கதவைத் தடுப்பது பெரும்பாலும் மேலே ஆணியடித்த மெல்லிய சட்டம். நம் வீட்டு நிலையில் முழு மரத்திலேயே பள்ளம் இழைத்துக் கதவை அதில் உட்கார வைக்கிறோம். உள்பக்கம் திறக்கும் கதவில் அந்த மரவிளிம்பு வெளியே நிற்கும் உங்களுக்கும் நாக்குக்கும் நடுவே இருக்கும். நேராக எதையும் நுழைக்க முடியாது, வளைந்து போக வேண்டும். எக்ஸ்ரே ஃபிலிம் கேட்டது அதற்காகத்தான்.

உங்கள் பக்கம் திறக்கும் கதவில் இடுக்கு கண்ணுக்குத் தெரியும், ஆனால் நாக்கின் சரிவு மறுபக்கம் இருக்கும். தள்ளினால் போகாது. வளைத்த கம்பியைப் பின்னால் விட்டு உங்கள் பக்கம் இழுக்க வேண்டும்.

6. உள்ளறைக் கதவுகள்

இவை ஆளை வெளியே நிறுத்துவதற்காகச் செய்த பூட்டுகள் இல்லை, மறைவுக்காகச் செய்தவை. ஆகவே வெளியிலிருந்து திறக்கப் பெரும்பாலும் ஒரு வழி வைத்திருப்பார்கள். அதைத் தேடுங்கள்.

உருண்டைக் கைப்பிடிப் பூட்டில், வெளிக் கைப்பிடியின் நடுவே டார்ச் அடித்துப் பாருங்கள். சின்னத் துளை இருந்தால் நேராக்கிய கம்பியை உள்ளே விடுங்கள். சாய்க்காமல் நேராகப் போனால் ஓர் இடத்தில் தட்டும். அங்கே அழுத்திக்கொண்டே கைப்பிடியைத் திருப்புங்கள். உள்ளே அழுத்திய பட்டன் ‘டக்’ என்று வெளியே வந்துவிடும். குண்டூசியால் பலர் முயல்கிறார்கள். அது வளைந்துவிடும், தட்டுவதும் கைக்குத் தெரியாது. துளைக்கு ஏற்ற தடிமனில் விறைப்பான கம்பி வேண்டும். சைக்கிள் ஸ்போக் நல்லது.

துளைக்குப் பதில் நீளக் கீற்று இருந்தால் நாணயத்தையோ தட்டை ஸ்குரூடிரைவரையோ வைத்துத் திருப்பினால் போதும். பாத்ரூமுக்குப் போடும் பேபி லாட்ச் பலவற்றிலும் வெளியே இந்தக் கீற்று இருக்கும். கீற்றின் மேல் பெயின்ட் படிந்து மூடியிருக்கலாம். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். வெளியே சாவித்துளை இருக்கும் மாடல் என்றால், வீடு ஒப்படைத்தபோது கொடுத்த சாவிக் கொத்தில் அதன் சாவி இருக்கும். அந்தக் கொத்து எங்கே என்று இப்போது யோசித்துப் பாருங்கள்.

நீளக் கைப்பிடி போட்ட, கதவுக்குள் பதித்த மார்ட்டிஸ் பூட்டில் கைப்பிடி எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கினால் அது பூட்டியிருக்கவில்லை. கைப்பிடிகளை இணைக்கும் சதுரக் கம்பி நழுவியிருக்கும், அல்லது உள் ஸ்பிரிங் போயிருக்கும். கைப்பிடித் தகட்டின் திருகாணிகள் உங்கள் பக்கம் தெரிந்தால் தகட்டைக் கழற்றுங்கள். நடுவில் தெரியும் சதுரக் கம்பியைப் பிளையரால் பிடித்து, கைப்பிடி இறங்கும் திசையிலேயே திருப்புங்கள். கம்பியை உள்ளே தள்ளிவிடாதீர்கள். மறுபக்கம் விழுந்துவிட்டால் திருப்புவதற்கு ஒன்றும் இருக்காது.

சாவி உள்பக்கத் துளையிலேயே மாட்டியிருக்கிறது, வெளியிலிருந்து மாற்றுச் சாவி நுழையவில்லை. இது அடிக்கடி நடக்கும். துளை கதவின் இருபக்கமும் ஊடுருவிப் போகும் பழைய லீவர் பூட்டாக இருந்து, கதவுக்கு அடியில் இடுக்கும் இருந்தால் செய்தித்தாள் போதும். தாளை இரண்டாக மடித்துச் சாவித்துளைக்கு நேர்கீழே, முக்கால் பங்கு உள்ளே போகும்படி தள்ளுங்கள். கம்பியைத் துளைக்குள் விட்டுச் சாவியின் நுனியைத் தொடுங்கள். சாவி பாதி திரும்பிய நிலையில் இருந்தால் வெளியே வராது. நுனியைப் பக்கவாட்டில் மெல்லத் தட்டித் தட்டி முதலில் நேராக்குங்கள். பிறகு தள்ளுங்கள். தாளின்மேல் விழுந்த சத்தம் கேட்டதும் தாளை மிக மெதுவாக இழுங்கள். வேகமாக இழுத்தால் தாள் மட்டும் வரும். இடுக்கு குறுகலாக இருந்தால் சாவிக்கொத்தின் தடிமன் மாட்டும், தாளைக் கதவின் நடுப்பகுதிக்கு நகர்த்திப் பாருங்கள். டைல்ஸ் எல்லா இடத்திலும் ஒரே மட்டமாக இருக்காது.

ஆளே இல்லாத அறை உள்ளே தாழிட்டுக்கொள்வதும் உண்டு. தூக்கி நிறுத்திய கீழ்த் தாழ்ப்பாள், கதவு அறைந்த அதிர்ச்சியில் நழுவித் தரையில் உள்ள குழியில் விழுந்துவிடும். இதற்கு வெளியிலிருந்து எளிய வழி இல்லை. ஜன்னல் வழியாகக் கம்பு விட்டு எட்டுமா பாருங்கள். இல்லையென்றால் படி 9.

7. குழந்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால்

முதல் வேலை கதவு இல்லை. கெய்சர் சுவிட்ச் வெளியே இருந்தால் அணையுங்கள். பாத்ரூமுக்குப் போகும் தண்ணீர் வால்வை மூடுங்கள். லைட்டை மட்டும் தவறியும் அணைக்காதீர்கள். இருட்டானால் குழந்தை அலறும், நீங்கள் சொல்வது எதுவும் காதில் ஏறாது. வாளியில் தண்ணீர் இருக்கிறது, குழந்தை மிகச் சின்னது, அல்லது அழுகைச் சத்தம் நின்றுவிட்டது என்றால் காத்திருக்காமல் உடைத்துத் திறங்கள்.

ஒருவர் மட்டும் பேசுங்கள். அம்மா, தாத்தா, பக்கத்து வீட்டு மாமா என்று எல்லாரும் கத்தினால் குழந்தை கதவை விட்டு விலகி மூலைக்குப் போய்விடும். யார் குரலுக்கு அது அடங்குமோ அவர் கதவருகே உட்கார்ந்து, குழந்தையின் உயரத்திலிருந்து பேச வேண்டும். “கதவைத் திற” என்று சொன்னால் மூன்று வயதுக் குழந்தைக்குப் புரியாது. அது தள்ளும், கதவு வராது, பயந்துவிடும். “அந்தக் குட்டிக் கம்பி இருக்கா? அதைத் தொடு. அப்படியே இந்தப் பக்கம் தள்ளு” என்று சொல்லி, நீங்கள் வெளியே கதவின்மேல் அதே உயரத்தில் விரலால் தட்டுங்கள். குழந்தை சத்தம் வரும் இடத்தைப் பார்க்கும், தாழ்ப்பாள் கண்ணில் படும்.

அந்தச் சமயம் கதவை வெளியிலிருந்து யாரும் பலமாகத் தள்ளக் கூடாது. கதவு இறுகியிருந்தால் தாழ்ப்பாள் கம்பி பெரியவர் கைக்கே நகராது. கதவைக் கொஞ்சம் இழுத்தும் தள்ளியும், கம்பி எந்த நிலையில் தளர்வாக ஆடுகிறது என்று பார்த்து அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். சின்ன விரல் அப்போதுதான் அதை நகர்த்தும்.

கூடவே இன்னொருவர் வென்டிலேட்டரைப் பார்க்கட்டும். கண்ணாடிப் பட்டைகள் அடுக்கிய வென்டிலேட்டர் என்றால் உடைக்க வேண்டாம். பட்டையின் இரு முனையிலும் மடக்கியிருக்கும் அலுமினியத் தகட்டை ஸ்குரூடிரைவரால் நிமிர்த்தினால் பட்டை வழுக்கி வெளியே வந்துவிடும். கீழிருந்து வேண்டாம், மேல்பட்டையிலிருந்து ஆரம்பியுங்கள். கைதவறினால் கண்ணாடி உள்ளே குழந்தைமேல் விழும் என்பதால், மற்றவர் குழந்தையைக் கதவுப் பக்கமே பேச்சுக்கொடுத்து வைத்திருக்க வேண்டும். அந்தச் சந்தில் துடைப்பக் குச்சியை விட்டுத் தாழ்ப்பாளை நகர்த்தலாம்.

பிவிசி கதவு என்றால் கவலை குறைவு. அதன் பலகைகள் உள்ளே வெற்றிடம் உள்ளவை. தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் கத்தியால் சதுரமாக வெட்டினால் கை நுழையும் அளவு திறந்துகொள்ளும். வெட்டும் பக்கத்தில் குழந்தையின் கை இல்லை என்று உறுதி செய்துகொண்டு, கத்தியை ஆழமாக இறக்காமல் மேலாகக் கீறிக்கீறி வெட்டுங்கள்.

8. முன்வாசல்: நைட் லாட்ச்

நைட் லாட்ச் என்பது சாத்தினாலே தானாகப் பூட்டிக்கொள்ளும், உள்ளே குமிழால் திறக்கும் பூட்டு. வெறுமனே அறைந்து சாத்திய நைட் லாட்சுக்கும், வெளியே போகும்போது சாவி போட்டுத் திருப்பிய நைட் லாட்சுக்கும் வித்தியாசம் உண்டு. பல மாடல்களில் சாவியைக் கூடுதலாக ஒரு சுற்று சுற்றினால் நாக்கு இன்னும் வெளியே வந்து இறுகிக்கொள்ளும். பிறகு தள்ளினால் அசையாது. அறைந்து சாத்தியது மட்டும் என்றால்தான் முயலுங்கள்.

முன்வாசலை ஒட்டி ஜன்னல் இருந்தால் அதுவே முதல் வழி. கிரில் வழியாகக் கையோ கம்போ உள்குமிழை எட்டுமா பாருங்கள். கம்பு நுனியில் கயிற்றைச் சுருக்குப் போட்டுக் கட்டி, குமிழில் மாட்டி, நாக்கு உள்ளே போகும் திசையில் இழுங்கள்.

ஜன்னல் இல்லையென்றால் ஃபிலிம். கதவுக்கும் நிலைக்கும் நடுவே, பூட்டுக்கு ஒரு சாண் மேலே அதைச் செருகுங்கள். அங்கே இடுக்கு தளர்வாக இருக்கும், வளைந்து உள்ளே போகும். பிறகு அப்படியே கீழே இழுத்துக்கொண்டு வாருங்கள். நாக்கில் தட்டியதும் ஃபிலிமைக் கதவின் பக்கமாகச் சாய்த்து முன்னும் பின்னும் ஆட்டியபடி, இன்னொருவரைக் கதவை மெல்ல ஆட்டச் சொல்லுங்கள். கதவு ஆடும்போது நாக்கின் மேல் உள்ள அழுத்தம் விடும், அந்த நொடியில் ஃபிலிம் சரிவில் ஏறும். கதவு இறுக்கமாக உட்கார்ந்திருந்தால் இது நடக்காது. கால் மணி நேரத்தில் அசைவே இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நெம்பத் தோன்றும் கட்டம் இதுதான். நெம்பினால் முதலில் விட்டுக்கொடுப்பது நிலை, பூட்டு அல்ல. தேக்கு நிலையைச் சரிசெய்யும் காசில் இரண்டு பூட்டு வாங்கலாம்.

டிஜிட்டல் பூட்டில் விளக்கே எரியவில்லை என்றால் பேட்டரி தீர்ந்திருக்கும். பல மாடல்களில் அடிப்பக்கம் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் சதுர பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டே எண்ணைப் போடுங்கள். சிலவற்றில் சார்ஜர் சொருகும் இடமிருக்கும், பவர் பேங்க் போதும்.

தொங்கு பூட்டின் சாவி தொலைந்திருந்தால் கல்லால் அடிக்காதீர்கள். லீவர் பூட்டு நசுங்கினால் பிறகு சரியான சாவியே கிடைத்தாலும் திறக்காது. பூட்டின் வளையத்தைவிட, அது மாட்டியிருக்கும் கொண்டி மெல்லியதாக இருக்கும். ஹாக்ஸாவால் அதை அறுப்பது சுலபம், மாற்றுவதும் மலிவு.

9. கீலைக் கழற்றுவது

கீல் உங்கள் பக்கம் தெரிந்தால் மட்டும். கீலின் நடு ஊசிக்குத் தனித் தலை இருந்தால், அடியில் ஆணியை வைத்துக் கீழிருந்து மேலாகத் தட்டுங்கள். முதலில் கீழ்க்கீல், பிறகு நடு, கடைசியில் மேல்கீல். மேலேயிருந்து ஆரம்பித்தால் கதவு முன்னால் சாய்ந்து மீதிக் கீலை முறுக்கிவிடும், கழற்ற வராது.

ஊசியின் இரு முனையும் தட்டி மழுங்கடித்திருந்தால் அது கழறாத வகை. நம் ஊரில் போடும் சாதாரண பட் கீல்களில் இதுதான் அதிகம். சுத்தியலோடு மல்லுக்கட்டாமல் ஹாக்ஸா பிளேடால் கணுக்களுக்கு இடையில் ஊசியை அறுங்கள். கடைசிக் கீலை எடுக்கும்போது கதவைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். தேக்குக் கதவின் எடை ஓர் ஆள் தாங்கக்கூடியது அல்ல.

உள்ளே ஒருவர் விழுந்து, உடல் கதவின்மேல் சாய்ந்திருந்தால் உள்பக்கம் திறக்கும் கதவைத் தள்ளவே கூடாது. அங்கே மேல்பகுதியை அறுத்து இறங்க வேண்டும். அது தீயணைப்பு வீரர்கள் செய்ய வேண்டிய வேலை.

10. பூட்டுக்காரரை அழைக்கும்போது

போனிலேயே பூட்டின் வகையைச் சொல்லுங்கள், முடிந்தால் படம் அனுப்புங்கள். அதைப் பார்த்துத்தான் எந்தச் சாமான் எடுத்துவர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். வருவதற்கு எவ்வளவு, திறக்க எவ்வளவு, பூட்டு உடைந்தால் புதிதுக்கு எவ்வளவு என்று மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். தகராறு வருவதெல்லாம் கேட்காமல் விட்ட மூன்றாவதில்தான்.

வந்ததும் “டிரில் போடாமல் முடியுமா?” என்று கேளுங்கள். போட்டே ஆக வேண்டும் என்றாலும், சாவி நுழையும் உருளையான சிலிண்டர் மட்டும் போனால் நல்லது, அதை மட்டும் மாற்றலாம். நல்ல பூட்டுக்காரர் உங்கள் வீடுதானா என்று கேட்பார். கோபப்படாதீர்கள். அடையாள அட்டையையோ பக்கத்து வீட்டாரையோ காட்டுங்கள். எதையும் கேட்காமல் கதவைத் திறந்துவிடுகிறவரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். வேலை முடியும்வரை கூடவே நில்லுங்கள்.

11. உடைத்தே ஆக வேண்டும் என்றால்

மலிவாக மாற்றக்கூடியதை உடையுங்கள். வென்டிலேட்டர் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி, பிவிசி பலகை, பிறகு ஃபிளஷ் டோர் எனும் பிளைவுட் ஒட்டிய தட்டைக் கதவு. தேக்குக் கதவும் நிலையும் கடைசி.

கண்ணாடி என்றால் முதலில் பேக்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்கும் ஒட்டுங்கள், அல்லது ஈரத் துண்டைப் போர்த்துங்கள். நடுவில் அடிக்காமல் தாழ்ப்பாளுக்கு அருகே உள்ள மூலையில் தட்டுங்கள். கையில் கனமான துணி சுற்றி, சட்டத்தில் நிற்கும் பிசிறுகளை எடுத்துவிட்டுத்தான் கையை நுழைக்க வேண்டும். கை கிழிவது உள்ளே விடும்போது அல்ல, அவசரமாக வெளியே இழுக்கும்போது.

கதவை உதைப்பது உள்பக்கம் திறக்கும் கதவில் மட்டும் பலிக்கும். உங்கள் பக்கம் திறக்கும் கதவை உதைத்தால் முழு நிலையும் சேர்ந்து தடுக்கும். செருப்பு அல்ல, ஷூ போட்டுக்கொண்டு, பூட்டுக்குப் பக்கத்தில் நிலையை ஒட்டிய இடத்தில் குதிகாலால் உதையுங்கள். நடுப்பலகையில் உதைத்தால் பலகை பிளக்கும், கால் மாட்டும். தோளால் இடித்தால் தோள்தான் இறங்கும். கதவுக்குப் பின்னால் ஆளோ குழந்தையோ இருக்க வாய்ப்பிருந்தால் உதைக்கவே கூடாது.

12. திறந்த பிறகு, அன்றே

நெம்பியதோ உதைத்ததோ இருந்தால் நிலைத் தகட்டின் திருகாணிகளைப் பாருங்கள். ஓட்டை பெரிதாகியிருந்தால் அதே நீளத் திருகாணியைத் திரும்பப் போடாதீர்கள், பிடிக்காது. இன்னும் நீளமானதைப் போடுங்கள். சாவி தொலைந்து திறந்திருந்தால் சிலிண்டரை மாற்றுங்கள். ஜன்னல் வழியாகக் கம்பு விட்டுத் திறந்தீர்கள் என்றால் மற்றவரும் அப்படித் திறக்கலாம். அந்த ஜன்னலுக்குக் கொசுவலைச் சட்டம் போடுங்கள், அல்லது உள்தாழ்ப்பாளின் இடத்தை மாற்றுங்கள்.

ஒரு சாவி வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான ஒருவரிடம் இருக்கட்டும். பூந்தொட்டிக்கு அடியிலும் மீட்டர் பெட்டியிலும் வேண்டாம். டிஜிட்டல் பூட்டோடு வந்த சாவியும் வெளியேதான் இருக்க வேண்டும். அதைப் பீரோவில் வைத்துவிட்டு வெளியே நிற்பவர்கள் நிறைய.

குழந்தை இருக்கும் வீட்டில் பாத்ரூம் தாழ்ப்பாளைக் கழற்றி அதன் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், அல்லது வெளியே நாணயக் கீற்று உள்ள லாட்சாக மாற்றுங்கள். புதிய பூட்டு எதுவானாலும் கதவைச் சாத்திச் சோதிக்காதீர்கள். கதவு திறந்திருக்கும்போதே பூட்டி, வெளிப்பக்கத்திலிருந்து எல்லாச் சாவிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்து பாருங்கள். நாக்கு ஒவ்வொரு முறையும் முழுதாக உள்ளே போகிறது என்று தெரிந்த பிறகு, ஒருவரை உள்ளே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.